ஆணி லைன் அண்டா

ஆணிக் கம்பெனியை இழுத்து மூடினவரே அதற்கு ஒரு மியூசியமும் கட்டித் திறந்தார். இதில் தப்பு ஒன்றும் கிடையாது. செத்தவனுக்குப் படம் மாட்டுவது வீட்டில் இருக்கிறவன் கடமை என்று அவரே மேடையில் சொன்னார். கொன்றவனும் மாட்டலாமா என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆட்களுக்கு அன்றைக்கு அழைப்பு இல்லை.

ஆந்திராவில் சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற ரோட்டில் இருந்தது அந்தக் கம்பெனி. கம்பியை இழுத்து, வெட்டி, தலை தட்டி, ஆணியாக்கி மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வர ஆரம்பித்த பிறகு ஒருநாள் எம்.டி. தொழிலாளிகளை வரிசையில் நிறுத்தி, "ஒலகமே கதவத் தொறந்துகினு வருது, நாமளும் மாறணும்" என்று பேசினார். மறுநாள் காலையில் கம்பெனிக் கதவைப் பூட்டினார். பூட்டினது பூட்டினதுதான். மிஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. நிலம் வீட்டு மனையாகப் போனது. ஆட்கள் பெங்களூர், சென்னை, குவைத் என்று போனார்கள். எங்கேயும் போகாமல் நின்றது கம்பெனிக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் வீடுகள்தான். அதற்கு ஆணி லைன் என்று பேர். ஆணி போயும் பேர் போகவில்லை.

சின்னப்பன் அங்கே கம்பி இழுத்தவன். இப்போது சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை இழுக்கிறான். இழுப்பது மட்டும் மாறவில்லை. நாற்பது தாண்டின பிறகு ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு எழுத்து படித்தான். அதிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற போர்டு ஒன்றை விடமாட்டான், எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிப்பான்.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடைக்காரன் கடைய மூடிடுவான்யா" என்பாள் பொண்டாட்டி கமலம்மா.

ஆணி லைனுக்குப் பொதுச் சொத்து என்று ஒன்று உண்டு என்றால் அது அண்டா. பித்தளை. உள்ளே ஈயம் பூசினது. ஒரு ஆள் உள்ளே குந்தினால் தலை மட்டும் வெளியே தெரியும். கம்பெனியைப் பூட்டின காலத்தில் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டுப் போராட்டம் நடந்தது. கஞ்சி காய்ச்சவேண்டும் என்று கையில் காதில் இருந்ததைக் கழற்றிப் போட்டு, வேலூருக்குப் போய் வாங்கி வந்த அண்டா அது. கேட் திறக்கவில்லை, அண்டாதான் மிச்சம். அப்புறம் லைனில் கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ கிறிஸ்மஸோ, எதுவானாலும் சோறு அதில்தான் வெந்தது.

அதற்கு ஒரு வழக்கமும் வந்தது. விசேஷம் முடிந்த வீட்டிலேயே அண்டா நிற்கும். அடுத்து யார் வீட்டில் விசேஷமோ, அந்த வீட்டுக்கு இவர்களே தூக்கிக்கொண்டு போய் வைக்கவேண்டும். கேட்டு வாங்க யாரும் வரமாட்டார்கள். கொண்டுபோய் வைக்காதவன் வீட்டில் அப்புறம் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

கடைசியாக விசேஷம் நடந்தது சின்னப்பன் வீட்டில். மகள் சிவசங்கரிக்குக் கல்யாணம். கல்யாணமாகி அவள் புருஷனோடு பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அண்டா வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அப்போதுதான் அந்த ஜீப் வந்து நின்றது.

இறங்கினவர் பேர் கோவர்த்தனன். மியூசியத்துக்கு க்யூரேட்டர். அப்படி என்றால் பழைய சாமானைக் காப்பாற்றுகிற உத்தியோகம் என்று அவரே சொன்னார்.

"கம்பெனி சம்பந்தமா பழைய பொருள் எது இருந்தாலும் குடுங்க. திருப்பதி கிட்ட திருச்சானூர்ல மியூசியம் கட்டியிருக்கோம். எம்.டி. சார் தலைமையில பெரிய தெறப்பு விழா."

"விழாவா?" என்றாள் கமலம்மா. "எத்தினி பேரு துன்னுவாங்க?"

"ஐநூறு பேராவது வருவாங்கம்மா."

கமலம்மா அண்டாவை நிமிர்த்தி வைத்தாள். "அப்போ தூக்கிக்கினு போங்க."

நடந்தது அவ்வளவுதான். விசேஷம் நடக்கிற இடத்துக்கு அண்டா போகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சின்னப்பனே தோள் கொடுத்து ஜீப்பில் ஏற்றினான். கோவர்த்தனன் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது தாள் நீட்டினால் சின்னப்பனுக்குச் சந்தோஷம் தாங்காது. ஒவ்வொரு எழுத்தாகச் சுழித்துச் சுழித்துப் போட்டுக் கொடுத்தான். தாள் இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்து தெலுங்கில் ரொம்ப லட்சணமாக இருந்தது.

மாம்பழ சீசன் வந்து போனது. ஜெபமணி வீட்டில் கல்யாணம் நிச்சயமானது. ஜெபமணி கம்பெனியில் ஆணி மூட்டை தைத்தவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழம் வெட்டி மகள் பிளெஸ்ஸியை நர்ஸ் படிக்கவைத்தாள். வாய்க்கு யாரிடமும் அனுமதி வாங்காதவள். மாப்பிள்ளை ஜாபேஸ் திருப்பதிப் பையன். கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் குவைத் போகிறார்கள். காலையில் திருப்பதி சர்ச்சில் கல்யாணம், சாயங்காலம் லைனுக்கு வந்து சாப்பாடு என்று பேச்சு.

"சின்னப்பா, அண்டாவ எப்போ கொணாந்து வைக்கப்போற?" என்று கேட்டாள் ஜெபமணி.

"அது விழா நடக்கிற எடத்துல கீதுக்கா."

"விழா முடிஞ்சு எத்தினி மாசம் ஆவுது? இன்னுமா துன்னுகினு இருக்கானுங்க?"

சின்னப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "நேரா போய் எடுத்தாறேன்க்கா. இல்லாங்காட்டி வாடகைக்கு ஒண்ணு..."

"எடுக்கலாம். நாளைக்கு எம்பொண்ணு கேப்பா. லைன்ல எல்லாரு கல்யாணத்துக்கும் அதுல ஆக்கினீங்க, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு ஷாமியானா கடை பாத்திரம்னு. நீ குவைத்துக்குப் போன் பண்ணி பதில் சொல்றியா?"

சின்னப்பன் பஸ் ஏறினான். அன்றைக்கு ஒரு போர்டும் படிக்கவில்லை.

மியூசியம் எம்.டி.யின் லாட்ஜுக்குப் பக்கத்துக் கட்டடம். கோயிலில் தாயாரைச் சேவிக்க வந்த சனங்கள் சில பேர் உள்ளே போய்க்கொண்டு இருந்தார்கள். சின்னப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கக்கூஸ் உள்ளே இருக்கிறது என்று வாட்ச்மேன் விளக்கினார். கக்கூஸுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது, பொருளைப் பார்க்கிறவர்களுக்கு உண்டு. சின்னப்பன் தன் அண்டாவைப் பார்க்க டிக்கெட் வாங்கினான்.

உள்ளே சுவர் பூரா ஆணி. அரை இஞ்ச், ஒரு இஞ்ச், லாட ஆணி, கூரை ஆணி எல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்தச் சட்டங்களை மாட்டச் சென்னையிலிருந்து சீனா ஆணி வாங்கி அடித்திருந்தார்கள். கேட்டான், சொன்னார்கள். மறைக்கவில்லை. கூடத்தின் நடுவில் சிவப்புத் துணி போர்த்திய மேடை, மேலே விளக்கு, சுற்றிக் கயிறு. அதன் நடுவில் அண்டா, கோர்ட்டில் நிறுத்தின ஆள் மாதிரி நின்றது.

கீழே தெலுங்கில் ஒரு பலகை. சின்னப்பன் குனிந்து எழுத்துக்கூட்டினான். 'தொழிலாளர் பசி பொறுக்காத நிர்வாகம் அன்புடன் வழங்கிய மதிய உணவுப் பாத்திரம்.'

இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தான். எழுத்து லேட்டாகப் படித்தவனுக்கு இதுதான் கஷ்டம். பொய்யைப் படித்தாலும், தான்தான் தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று நினைப்பான்.

கோவர்த்தனன் வந்தார். "வாப்பா, வா. பாத்தியா, எப்பிடி வச்சிருக்கோம்?"

"சார், இது நாங்க வாங்கினது."

"தெரியும்பா."

"பலகையில அவங்க குடுத்ததுன்னு கீதே?"

"பலகையில எடம் கம்மி."

சின்னப்பனுக்கு இது சரியான பதில் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அதை விட்டுவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னான். "வர்ற வாரம் லைன்ல கல்யாணம் சார். அண்டா வேணும்."

கோவர்த்தனன் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நன்கொடைன்னு நீ கையெழுத்துப் போட்டுட்ட. பொருள் உள்ள வந்துட்டா வெளிய போவாதுப்பா. போவணும்னா இன்னொரு மியூசியத்துக்குத்தான் போவும். உங்க லைன் மியூசியமா?"

சின்னப்பன் யோசித்துப் பார்த்தான். "பழைய ஆளுங்க நெறைய பேரு கீறோம் சார்."

"ரிஜிஸ்டர் ஆயிருக்குதா?"

"ஓட்டர் லிஸ்ட்ல ஆயிருக்குது."

"அது செல்லாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய். சனிக்கிழமை 'உழைப்பாளரைப் போற்றுவோம்'னு ஒரு விழா வச்சிருக்கோம். எம்.டி. சார் வர்றாரு. நேர்ல கேளு. எங்களுக்கும் போற்றறதுக்கு ஒரு உழைப்பாளர் கொறையுது. பேசி வச்ச ஆளு குவைத்துக்குப் போய்ட்டான்."

சனிக்கிழமை சின்னப்பன் மண்டிக்குப் போகாமல் கூலியை விட்டுவிட்டு உழைப்பாளராக மேடையில் உட்கார்ந்தான். எம்.டி. பேச எழுந்தார். முடி நரைத்திருந்தது, சட்டை நரைக்கவில்லை.

"நண்பர்களே! கம்பெனி ஓடிக்கினு இருந்தப்போ இந்த ஆணிங்கள யாராவது நின்னு பாத்தீங்களா? பாக்கல. ஓடற பொருளுக்கு மரியாத கெடையாது. நிறுத்தினாத்தான் மரியாத. அந்தத் தொலைநோக்கு எனக்கு அன்னைக்கே இருந்தது. அதனாலதான் நிறுத்தினேன்."

கை தட்டினார்கள்.

"தொழிலாளர்கள நான் கைவிட்டதா சில பேரு பேசறாங்க. அவங்க நின்ன நெலத்த வித்தேன், ஒத்துக்கறேன். அவங்க ஞாபகத்த வித்தேனா? இல்ல. அதுக்கு வெலை கேட்டு இதுவரைக்கும் யாரும் வரல. அவங்களோட வேர்வையக்கூட நான் வீணாக்கல. துடைச்ச துணிங்க மூணாவது அலமாரியில இருக்குது, நீங்க பாக்கலாம்."

மறுபடியும் கை தட்டினார்கள். சின்னப்பனுக்குச் சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோ முடிந்ததும் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அதற்கும் மியூசியம் நம்பர் உண்டாம். மைக்கை அவன் முன்னால் வைத்தார்கள். பேப்பர்காரர் பேனாவைத் திறந்தார்.

"அண்டா வேணும் சார்" என்றான் சின்னப்பன். "பிளெஸ்ஸிக்குக் கல்யாணம்."

எம்.டி. அவனைத் தோளோடு அணைத்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பாத்தீங்களா! இதுதான் பாசம்! ஏம்ப்பா, அண்டாவ எதுக்கு வெளிய எடுத்துக்கினு போவணும்? இது ஒங்க வீடு! இது ஒங்க அடுப்பு! எப்போ வேணும்னாலும் வாங்க, இங்கயே பொங்குங்க, துன்னுங்க! யாரு தடுக்கிறது?"

கூடமே அதிர்ந்தது. சின்னப்பன் வெறுங்கையோடு ஊர் திரும்பினான்.

நடந்ததைக் கேட்டுக்கொண்டு இருந்த ஜெபமணி அவனை ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இங்கயே பொங்குங்கன்னு அவுரு வாயாலயா சொன்னாரு?"

"ஆமாங்க்கா."

"மைக்குலயா?"

"மைக்குல. பேப்பர்காரன் எழுதிக்கினான்."

"அப்போ பந்தல்காரனுக்கு எடம் மாத்திச் சொல்லு. சர்ச்சுலருந்து அதான் கிட்ட."

"யக்கா, அதெல்லாம் அவுங்க சும்மா சொல்றதுக்கா."

"நாம சும்மாவா போறோம்? அரிசியோட போறோம்."

கல்யாணத்தன்று விடியக்காலையில் லைனிலிருந்து லாரி கிளம்பியது. அரிசி, விறகு, கூடை கூடையாகத் தக்காளி. கோயில் ஊராச்சே, கறி வேண்டாம், தக்காளி சோறும் காய்கறிக் குருமாவும் போதும் என்று ஜெபமணி முடிவு பண்ணியிருந்தாள். வாட்ச்மேன் கேட்டில் மறித்தார். ஜெபமணி பேப்பரை விரித்துக் காட்டினாள். எம்.டி.யின் படம், கீழே 'இது உங்கள் வீடு' என்று கொட்டை எழுத்து. வாட்ச்மேன் படத்துக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

கோவர்த்தனன் ஓடிவந்தபோது அண்டா கூடத்திலிருந்து முற்றத்துக்கு வந்திருந்தது. காம்பவுண்டைத் தாண்டக் கூடாது என்றுதான் விதி. தாண்டவில்லை. அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருக்கும்போதே கமலம்மாவும் இன்னும் நாலு பொம்பளைகளும் தேங்காய் நாரும் புளியும் சாம்பலுமாக அண்டாவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

"அம்மா! தேய்க்காதீங்கம்மா! அது கரி இல்ல, ஆவணம்!"

"ஆவணம் புளி போட்டாப் போயிடும் சார், கவலப்படாதீங்க" என்றாள் கமலம்மா.

அடுப்பு மூட்டினார்கள். தாளிப்பு வாசனை தெருவுக்குப் போனது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கின சனங்கள் பந்தலைப் பார்த்தார்கள், மூக்கைத் தூக்கினார்கள், உள்ளே வந்தார்கள். கக்கூஸ் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சர்ச்சிலிருந்து வேன் வந்தது. மாலையும் கழுத்துமாகப் பிளெஸ்ஸியும் ஜாபேஸும் இறங்கினார்கள். கோவர்த்தனனுக்குக் கை சும்மா இருக்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் இலவசம் என்று எழுதி டிக்கெட் கிழித்துக்கொண்டு நின்றார். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்கூடக் கிழித்தார். திறந்த நாளிலிருந்து டிக்கெட் கட்டில் பாதி தாண்டினது அன்றைக்குத்தான்.

யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். எம்.டி. காரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "யாரக் கேட்டு..." என்று ஆரம்பித்தவர், பந்திக்குப் பக்கத்தில் பேப்பர்காரர் கேமராவோடு நிற்பதைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் திரும்பியது. "யாரக் கேட்டு எனக்குச் சொல்லாம விட்டீங்க? நானே வந்து பரிமாறியிருப்பேனே!" நேராக அண்டாவிடம் போய்க் கரண்டியை எடுத்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கும் இந்தக் கையாலதான் இவங்களுக்குச் சோறு போட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டு இருந்த பழைய ஆட்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சின்னப்பனைப் பார்த்தார்கள். ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. ஜீப்பில் ஏற்றினவன் அவன்தானே.

கூடத்துக்குள்ளே போனான். மேடைக்குக் கீழே இருந்த பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பந்தலுக்கு நடுவில் நின்று, பஸ்ஸில் படிக்கிற மாதிரி, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். பசி பொறுக்காத. நிர்வாகம். அன்புடன். வழங்கிய. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சிரிப்பு எழும்பியது. 'அன்புடன்' வந்தபோது ஒரு கிழவருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"நான் தப்பாப் படிக்கல சார்" என்றான் சின்னப்பன். "ரெண்டு தரம் பாத்துட்டேன். நீங்க கேட்டப் பூட்டுனப்போ எங்க பொம்பளைங்க கம்மலக் கழட்டி வாங்கினது இது. இந்தக் கரண்டிய நீங்க தொடறது இன்னைக்குத்தான். கீழ வைங்க."

எம்.டி. வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஜெபமணி குருமா வாளியோடு வந்தாள். "அவுரு ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லாத சின்னப்பா. பூட்டு குடுத்தாரு. ஏன் சார், இத்தினி சாமான் வச்சிருக்கீங்களே, அந்தப் பூட்டு எங்க? அத ஏன் வைக்கல?"

எம்.டி.க்கு முகம் தொங்கப்போகிறது என்று லைன் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் திரும்பி, "அருமையான யோசனை" என்றார். "கோவர்த்தனன், குறிச்சிக்கோங்க. அந்தப் பூட்டத் தேடி எடுங்க. நடுக்கூடத்துல வைங்க. சாவியோட."

வெட்கப்படுகிற ஆளாக இருந்தால் அவர் மியூசியமே கட்டியிருக்கமாட்டார்.

பூட்டுக்கு எவ்வளவு உயரத்தில் மேடை வேண்டும் என்று அவர் கையால் அளந்து காட்டிக்கொண்டு இருக்கும்போதே கடைசிப் பந்தி முடிந்தது. பிளெஸ்ஸி வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் பிடித்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி, பட்டுப்புடவையில் கொட்டிக்கொண்டு தின்றாள். குவைத்தில் இது கிடைக்காது என்றாள். ஜாபேஸுக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

சின்னப்பனும் இன்னும் மூணு பேரும் அண்டாவுக்குத் தோள் கொடுத்தார்கள். கோவர்த்தனன் கேட்டுக்கு முன்னால் கை இரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார். பிறகு அண்டாவுக்குள் பார்த்தார். பருக்கை, எண்ணெய், தக்காளித் தோல். அவர் முகம் மாறியது.

"சோத்துப் பருக்கை ஒட்டின எதுவும் உள்ள இருக்கக் கூடாதே. எறும்பு வரும், கரப்பான் வரும்..." அவர் சின்னப்பனிடம் நெருங்கிக் கிசுகிசுத்தார். பாவம், கெட்ட மனுஷர் இல்லை. "ஒண்ணு பண்றேன்பா. கழுவறதுக்கு வெளிய போவுதுன்னு எழுதிக்கறேன். நீயும் ஆமான்னு சொல்லிடு. யாருக்கும் தொந்தரவு கெடையாது."

சின்னப்பன் ஆமாம் சொல்லியிருக்கலாம். தோள் வலித்தது. வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு இருந்தான். ஆனால் ஒருதரம் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டதால்தான் இத்தனை அலைச்சல்.

"கழுவறதுக்கு இல்ல சார். எங்களுது, எடுத்துக்கினு போறோம். அப்படியே எழுதுங்க."

"அப்பிடி எழுத அதுல கட்டமே இல்லப்பா."

"கட்டம் போட்டுக்குங்க."

சின்னப்பன் நடந்தான். கோவர்த்தனன் ஒதுங்கித்தான் நின்றார். பின்னால் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அவர் என்ன எழுதினார் என்பது மூணு மாசம் கழித்துத் தபாலில் வந்தது. 'மேற்படி பொருள் கழுவுவதற்காக வெளியே சென்றுள்ளது. பணி முடிந்துவிட்டதா? பொருளின் மீது நெருப்பு, நீர், எண்ணெய், மனிதக் கை ஆகியவை படாமல் பாதுகாக்கப்படுகிறதா? உடன் தெரிவிக்கவும்.'

அதற்குள் அண்டா ஜெபமணி வீட்டிலிருந்து சென்னம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போய், அங்கிருந்து பாலசமுத்திரத்தில் ஒரு சீமந்தத்துக்கும் போய் வந்திருந்தது.

சின்னப்பன் தபால் கார்டு வாங்கி வந்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவன் எழுதின முதல் கடுதாசி. தெலுங்கு எழுத்தில் தமிழ்ப் பேச்சை எழுதியிருந்தான். அதனால் கோவர்த்தனன் அதைக் கூடத்தில் நின்று வாய்விட்டுப் படித்தபோதுதான் அவருக்கே விளங்கியது. வாட்ச்மேனும் கேட்டார்.

'சார், கழுவறதுன்னு எழுதினது நீங்க, எங்களுதுன்னு சொன்னது நான். நெருப்பு, தண்ணி, எண்ணெ, கை எல்லாம் நல்லா பட்டுக்கினு கீது. ஞாயித்துக்கெழமை தாமோதரன் வீட்டு விருந்து, கறிச்சோறு. நீங்க வர்றதுன்னா பசியோட பஸ்ல வாங்க. ஜீப்ப எடுத்துக்கினு வராதீங்க.'